ரஸ்ஸின் இதயம் மலையேறிய காலை

மொஸ்பர்ன்,
ஆடுகள் குட்டி போடத் தொடங்கிய வாரம்.

அன்புள்ள ஹெதர் அக்காவுக்கு,

ஜேனின் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் ரஸ்ஸும் நலம். நெல்சனில் நீயும் உன் எலுமிச்சை மரமும் அப்படியே என நம்புகிறேன். ஒரு மாதம் வந்து தங்கி உதவுவதாகச் சொன்னாயே, நன்றி. வேண்டாம், நான் சமாளித்துக்கொள்கிறேன். நடந்ததைக் கேள்.

இன்று காலை எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல் போனைத்தான் பார்த்தேன். மாரடைப்புக்குப் பிறகு ரஸ்ஸின் கைக்கடிகாரம் இரவெல்லாம் அவர் இதயத்தைக் கவனித்து, காலையில் எனக்கு ஓர் எண் அனுப்புகிறது. இதயம் கடிகாரம் மாதிரி சீராக அடிக்கக் கூடாதாம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் கூடிக் குறைய வேண்டுமாம்; அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் எண். மாரடைப்பில் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடும், மெல்லத்தான் திரும்பும் என்று நர்ஸ் மெரியானா விளக்கியபோது ரஸ்ஸுக்குக் கோபம். "வாழ்நாள் பூரா நேரம் தவறாம இருந்தவன்மா நான். இப்ப ஒழுங்கா அடிச்சா தப்புங்கற!" அவள் அசரவில்லை. "எண் ஏறட்டும், அப்புறம் மலைக்குப் போறதப் பத்திப் பேசலாம்." அன்றிலிருந்து ஜன்னல் ஜன்னலாக நின்று, நம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துப் பண்ணைக்காரரைத் திட்டுவதே அவருக்கு வேலை.

போன வாரம் எண் திடீரென்று துள்ளி ஏறியது. மெரியானாவே கூப்பிட்டு, "இருபது வயசு நெஞ்சு மாதிரி இருக்கே ரஸ், என்ன சாப்பிடறீங்க?" என்றாள். இவர் அடக்கமாக, "ஓட்ஸ் கஞ்சி" என்றார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன் அக்கா, சந்தோஷத்தில்.

இன்று எண் இன்னும் உயரம். நிம்மதியாகக் கஞ்சி காய்ச்சினேன். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் போன் அலறியது: ரஸ்ஸின் நாடி தலைதெறிக்க ஓடுகிறது, ரஸ் மலைச்சரிவில் ஏறுகிறார், உடனே உட்கார வையுங்கள். ரஸ்ஸோ என் எதிரில் கஞ்சிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க இருக்கீங்க. அப்ப மலை ஏறுறது யாரு?"

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. "பிப்தான்."

பிப் எங்கள் ஆடு மேய்க்கிற நாய். போன வாரத்திலிருந்து ராத்திரி பிஸ்கட் போடுகிற சாக்கில் அதன் முன்னங்காலை மழித்துக் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, விடிந்ததும் கழற்றி வந்திருக்கிறார். இன்று இவர் போவதற்குள் கூண்டுத் தாழ்ப்பாள் திறந்துகொண்டு நாய் ஓடிவிட்டது. நாய்களுக்குத் துடிப்பு மூச்சோடு சேர்ந்து தாராளமாக ஏறி இறங்குமாம். கால்நடை டாக்டர் எப்போதோ சொன்னது நினைவிருக்கிறது இவருக்கு. என் பிறந்தநாள்தான் நினைவில் நிற்காது.

"மலைக்குப் போகணும்னு இவ்வளவு பொய்யா?"

"மலைக்கு மட்டுமில்ல ஜேனின். காலைல நீ என் மூஞ்சியப் பாக்கறதே இல்ல, போனத்தான் பாக்கற. எண் நல்லாருந்தா சிரிக்கற. சிரிக்கட்டுமேன்னுதான்."

மெரியானாவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, மலை வேண்டாம், கேட்வரை மெதுவாக நடக்கட்டும் என்றாள். போய்வந்தார், முகத்தில் நல்ல நிறம். ஆக, எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீ சிரமப்பட்டு வர வேண்டாம். உன் முழங்கால் வலியும் மழையும் சீக்கிரம் விடட்டும்.

அன்புடன்,
ஜேனின்

பி.கு.: மறுநாள் காலை எழுதுகிறேன். பிப்பின் காலிலிருந்து கழற்றிக் கழுவிக் காயவைத்த கடிகாரத்தை நேற்றிரவு நானே கட்டிக்கொண்டு படுத்தேன். ரஸ்ஸின் மிக மோசமான நாளைவிடக் குறைவான எண். கீழே, "இன்று ஓய்வெடுங்கள், ரஸ்" என்றிருந்தது. அவர் குறட்டையை எண்ணிக்கொண்டே விழித்துக் கிடந்தவள் நான்தானே. திரும்பி அவரைப் பார்த்தேன். நல்ல முகம்தான் அக்கா, பார்த்து வெகுநாளாயிற்று. நீ வர வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், ஒரு வாரம், போன் இல்லாமல். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, பிப்பிடம்கூட.