செக்குபந்தி எழுதிக் கொடுத்த பிள்ளைப் பத்திரம்

காஞ்சிபுரத்தில் நாலு எல்லை சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது செக்குபந்திதான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தர். ஒரு மனைக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதுவார்களே, அந்தப் பகுதிக்குச் செக்குபந்தி என்று பேர். அவருக்கு அது எழுத்தோடு நிற்கவில்லை, ரத்தத்தில் கலந்துவிட்டது. ஓட்டலில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "வடக்கால சட்னி, தெக்கால சாம்பாரு, கெழக்கால உன் டம்ளர், மேற்கால செவுரு. இதுக்கு நடுவுல இருக்குற இட்லி ரெண்டும் என்னுதுபா. அப்பால தகராறு வரக் கூடாது."

நான் அவரிடம் போய் நின்றது மனை வாங்க அல்ல. நானும் கோமதியும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் பிள்ளையார்பாளையத்தில், அவள் ஐயம்பேட்டையில், அக்கா வீட்டு மாடியில். இரண்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் நிவி, பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே, எந்த நாள் எங்கே என்பதில் தினம் ஒரு சண்டை.

"கொழந்த யார்கிட்ட எப்போ இருக்கும்னு நீங்களே பேசி எழுதிக்கிட்டு வாங்க. இல்லன்னா கோர்ட்டுதான் முடிவு பண்ணும்" என்றார் வக்கீலம்மா.

வாராவாரம் பத்திரிகையில் ஊர்க்கதையெல்லாம் எழுதிக் கிழிக்கிற எனக்கு, இதில் முதல் வரியே வரவில்லை. எங்கள் வீட்டுப் பத்திரத்தை எழுதிய செக்குபந்தியிடம் ஓடினேன்.

"சொத்த பாக்காம நான் பேனாவத் தொறக்க மாட்டேன்" என்றார்.

"சொத்து இல்ல சார். கொழந்த."

"அப்ப ரெண்டு வாட்டி பாக்கணும்."

பார்த்தார். சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, நிவியிடம் எங்கே தூங்குவாய் என்று கேட்டார். அவள் பாயை விரித்தே காட்டினாள். "இந்தப் பக்கம் ஃபேன், அந்தப் பக்கம் அப்பா கொறட்ட." அவர் முகத்தில் சிரிப்பில்லை; 'தெற்கில் தகப்பனார் குறட்டை' என்று குறித்துக்கொண்டார். மறுநாள் ஐயம்பேட்டைக்குப் போய் அங்கேயும் நாலு பக்கம் பார்த்தாராம். "நீங்க அனுப்பிச்ச பெரியவர் எங்க வூட்டு பீரோவுக்கு அடியில குனிஞ்சி பாக்குறாரு" என்று கோமதி எனக்கு ஃபோன் செய்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் கோபமில்லாமல் வந்த முதல் புகார் அது.

அடுத்த வாரம் இருவரையும் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து வாசித்தார். "மேற்படி நிவேதா என்கிற சிறுமியை, திங்கள் முதல் வெள்ளி மாலை முடிய தாயாரும், அதன்பின் ஞாயிறு முடிய தகப்பனாரும், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி சிறுமி மீது யாதொரு வில்லங்கமும் இல்லை."

"சார், நீங்க அவள ஸ்கூல்ல வந்து பாக்கல" என்றாள் கோமதி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. உடனே இருவரும் ஜெராக்ஸ் மிஷினைப் பார்க்கத் தொடங்கினோம்.

பரீட்சை, காய்ச்சல், தீபாவளி எல்லாவற்றுக்கும் யாரிடம் என்று பேசி முடித்துவிட்டோம். வைகாசித் திருவிழாவின் கருட சேவையில் மாட்டிக்கொண்டோம். விடிகாலையில் கருடன்மேல் பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது நிவி யார் பக்கம் இருப்பாள்?

"பொறந்ததுலேர்ந்து என் தோள்மேல ஒக்காந்துதான் பாத்திருக்கா" என்றேன்.

"அவள எழுப்பி, குளிப்பாட்டி, பூ வெச்சி அனுப்பினது யாரு? நீங்க வெறும் தோளுதான்."

"இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"நானும்தான். கோர்ட்லயே பாத்துக்கலாம்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நானும் எழுந்தேன், முறைப்பாக எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது.

செக்குபந்தி தலையே தூக்கவில்லை. "எதுக்குமா அவசரம்? ரெண்டு மனைக்கு நடுவுல ஒத்தையடி பாத இருக்குது. ஒருத்தருக்கு எழுதினா இன்னொருத்தர் வூட்டுக்கு எப்படிப் போவாரு? எவனும் அத விக்க மாட்டான். பொதுவுல வுட்டுடுவான்." பேனா ஓடிக்கொண்டே இருந்தது. "கருட சேவை நாள் பொதுப் பாதை. இருதரப்பாரும் வழக்கம்போல் நடமாடிக்கொள்ள வேண்டியது. ஒருவரும் வேலி போடவோ, மறிக்கவோ, பழைய குப்பையைக் கொட்டவோ கூடாது."

கோமதி நின்றபடியே அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். நான் நாற்காலியை நிமிர்த்திவிட்டுப் போட்டேன்.

வக்கீலம்மா படித்துவிட்டு, "இத அப்படியே குடுத்தா ஜட்ஜு என்ன நினைப்பாரு?" என்று எல்லாவற்றையும் மாற்றி டைப் அடிக்கச் சொன்னார். பொதுப் பாதை வரியில் மட்டும் கைவைக்கவில்லை.

இந்த வைகாசியில் கோபுர வாசலில், எள் விழ இடமில்லாத கூட்டம். நிவி என் தோள்மேல். பக்கத்தில் கோமதி, மகளின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. பழைய குப்பையை நாங்கள் யாரும் கொண்டுவரவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு வழுக்கைத் தலை, முழங்கை இரண்டையும் அகட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி நின்றது. செக்குபந்தி.

"யோவ் பெருசு, சாமி அந்தப் பக்கம் வருது" என்றான் ஒருவன்.

"தெரியும்பா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு, கொழந்தைக்கு மறைக்குது."

குடை தெரிந்தது, கருடன் தெரிந்தது, கூட்டமே கையைத் தூக்கியது. அவர் திரும்பவே இல்லை. என் இரண்டு கைகளிலும் நிவியின் கால்கள். அவருக்கும் சேர்த்து மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொண்டேன்.