செபமாலை என்று எழுதிய கசெற்

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
12.11.1979

அன்பும் மதிப்பும் உள்ள லியோன் அத்தானுக்கு,

உங்கள் மச்சாள் ஜோசப்பின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, அக்கா, உங்கள் மகள் சின்னவள் எல்லோரும் ஆண்டவர் தயவில் சுகம். அங்கே பஹ்ரெயினில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மாரி தொடங்கிவிட்டது. மரியாதைக்கு இன்னும் நாலு வரி எழுதவேண்டும், ஆனால் அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய், அம்மா உங்கள் அறைக்காரர் அருளப்பு அண்ணையிடம் கொடுத்தனுப்பிய பொதிக்குள் 'செபமாலை' என்று எழுதிய கசெற் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ரேப் றெக்கோடருக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டாம். கசெற்றின் முதுகில் பல்லுப் போல இரண்டு சின்னத் துண்டுகள் இருக்கும், இரண்டையும் கத்தி நுனியால் உடைத்துவிடுங்கள். உடைத்தால் பிறகு அதில் எவராலும் ஒன்றும் பதிய முடியாது. உடைத்துவிட்டீர்களா? இனி ஆறுதலாக வாசியுங்கள்.

அதில் செபமாலை இல்லை, அத்தான். அது நான் செய்த இசை. இசை என்று சொல்ல எனக்கே கை கூசுகிறது. நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் பார்த்த படத்தை வைத்து, ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இரண்டு ட்ரான்சிஸ்டரும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் பூட்டி, திருகினால் ஏறவும் இறங்கவும் செய்கிற ஒரு சத்தத்தை உண்டாக்கினேன். றேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வருகிற கூவலையும் பிடித்தேன். பற்றறி இறங்கும்போது நாடா மெல்ல ஓடி எந்தச் சத்தமும் கிழவனாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும், அதையும் வேண்டுமென்றே செய்தேன். பிறகு நாடாவை அப்பாவின் சவர அலகால் வெட்டி, ஒட்டி, நீங்கள் அனுப்பிய இரண்டு ரேப் றெக்கோடரையும் எதிரெதிரே வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி, இரண்டு பக்கமும் நிரம்ப ஒரு கசெற் செய்து முடித்தேன். வெட்டிய துண்டுகளை எறிந்துவிட்டேன், மிச்ச நாடாக்களில் அக்கா சின்னவளின் பாட்டைப் பிடித்துவிட்டார். ஆகவே உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது, அது இப்போது உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லி விளங்கவைக்கக்கூடிய சங்கதியாக எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் அம்மா வாசலில் வந்து நின்று, "என்னடி, றேடியோவுக்குத் தடிமன் பிடிச்சிட்டுதோ? ஈரக்காத்து ஆகாது, துணியாலை மூடி வை" என்றார். நான் மூடி வைத்தேன். அதற்குப் பிறகுதான், எவரும் எடுத்துப் போட்டுப் பார்க்காத பெயராக இருக்கட்டும் என்று யோசித்து, கசெற்றின் மேல் 'செபமாலை, முதற்பக்கம், இரண்டாம் பக்கம்' என்று வடிவாக எழுதி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். செபமாலையை யாராவது கசெற்றில் கேட்பார்களா, வாயால் சொல்கிற சாமான்தானே என்பது என் கணக்கு. ஒக்ரோபர் செபமாலை மாதம் என்பதையும், அருளப்பு அண்ணை லீவில் வந்து நின்றபோது "லியோன் அங்கை பூசைக்குப் போறதில்லை மாமி, வெள்ளிக்கிழமையிலை படுத்து நித்திரை" என்று உங்களைக் காட்டிக் கொடுத்ததையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அம்மா சேலை எடுக்க அலுமாரியைத் திறந்திருக்கிறார், கசெற்றைக் கண்டிருக்கிறார், கண்ணில் ஒற்றியிருக்கிறார், கருவாட்டுக்கும் ஒடியலுக்கும் நடுவில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. செய்த புண்ணியத்தைச் சொல்லிக் காட்டக் கூடாதாம்.

ஆனால் எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. கோயிலில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். நேற்றுப் பூசை முடிய பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீர் செபமாலை முழுக்கத் தனியப் பிடிச்சு வைச்சிருக்கிறீராம். நத்தார் நவநாளுக்கு எங்கடை லவுட்ஸ்பீக்கரிலை போடுவம், கொண்டாரும்" என்றார். அந்தக் கணத்தில்தான் எனக்கு விசயம் தெரியும், அத்தான். தலைக்குள்ளே பிஸ்கற் ரின் கூவியது. அம்மா பக்கத்தில் நின்று, "அது பஹ்ரெயினுக்குப் போயிட்டுது சுவாமி, மருமோன்ரை ஆத்துமத்துக்கு" என்றார். "அப்ப இன்னொருக்காப் பிடிக்கட்டும், பெண்டுகள் எல்லாரும் சேர்ந்து சொல்லுவினம்" என்று சுவாமி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே வருகிற ஞாயிறு நான் உண்மையாகவே செபமாலை பிடிக்கவேண்டும். அது தண்டனையென்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

இதில் அவசரம் என்னவென்றால், யாழ்ப்பாணத்தில் பாட்டுக் கசெற் அடித்து விற்கிற கடைக்காரர் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். செப்ரெம்பரில் பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். "தங்கச்சி, இது பாட்டோ?" என்றார். இல்லை என்றேன். "பேச்சோ?" இல்லை. "பின்னை?" சத்தம் என்றேன். "ஆர் செய்தது?" தெரிந்த ஒருவர் என்றேன். "அவருக்குச் சுகமோ?" என்று கேட்டார். சுகம்தான் என்றேன். திருப்பிப் போட்டு இன்னொருமுறை கேட்டார். கடையில் வேறு இரண்டு பேர் காத்து நின்றார்கள், அவர்களைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "விளங்கேல்லைத் தங்கச்சி. ஆனா ஒரிடத்திலை என்ரை கை மயிர் எழும்பினது. கொஞ்சக் கொப்பி அடிச்சுப் பாப்பம். அவரைத் தாளம் கொஞ்சம் போடச் சொல்லுங்கோ" என்றார். தாளம் போட எனக்கு மனமில்லை, ஆனால் கடைசித் துண்டைத் திருத்த வேண்டும் என்று திருப்பி எடுத்துவந்தேன். நவம்பர் முடிய முதல் கொடுக்காவிட்டால் நத்தார்ப் பாட்டு, பாலன் பிறப்புப் பாட்டு என்று அடிக்கத் தொடங்கிவிடுவார், பிறகு இப்படி ஒன்றைத் திரும்பிப் பார்க்க மாட்டார். இப்படிக் கேட்கிற இன்னொரு காது இந்தத் தீவுகளிலும் பட்டினத்திலும் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வயதில் இதை ஒருதரம் துணியலாம். இரண்டாம் தரம் துணிய முதல் கலியாணம் பேசி முடித்துவிடுவார்கள்.

எனக்குப் பயம் எங்கள் வீட்டு வழக்கத்துக்குத்தான். ஒரு கசெற் போகும், நீங்கள் கேட்டுவிட்டு அதன் மேலேயே பேசி அனுப்புவீர்கள், நாங்கள் கேட்டுவிட்டு அதன் மேலேயே பேசுவோம். போன வருடம் அம்மா அழுததன் மேல் நீங்கள் சிரித்தீர்கள், நீங்கள் சிரித்ததன் மேல் சின்னவள் எண் சொன்னாள். எல்லாம் அழிந்துபோனது, ஒருவரும் கவலைப்பட்டதில்லை. ஆனால் இதைப் போட்டுக் கேட்டுவிட்டு, பழுதான கசெற் என்று நினைத்து, நீங்கள் நல்ல மனதோடு பேச உட்காருவீர்களே, அதை நினைத்துச் சோற்றைப் பிசைந்தபடி இருக்கிறேன். பேசாதீர்கள், அத்தான். ஒரு சொல்லும் பேசாதீர்கள். அக்காவுக்கு எதையும் சொல்லவேண்டுமென்றால் கடிதம் எழுதுங்கள். கசெற்றைத் துணியில் சுற்றி, வருகிற எவரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். நான் கேட்டது வீட்டில் ஒருவருக்கும் தெரியவேண்டாம்.

உங்கள் உடல்நலத்துக்கும் வேலைக்கும் மாதா துணையிருக்க வேண்டுகிறேன். அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். சின்னவள் முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கையை உதறிக்கொண்டிருக்கும் மச்சாள்,
எ. மேரிஜோசப்பின்

பி.கு. (14.11.79): மழையால் இரண்டு நாளாகத் தபாற்கந்தோருக்குப் போக முடியவில்லை. இன்று போகக் குடையை எடுக்கும்போது தபால்காரர் உங்கள் பொதியோடு வந்தார். உள்ளே என் கசெற். அக்கா என் கையிலிருந்து பறித்துப் போட்டுவிட்டார். எல்லோரும் சுற்றி இருந்தோம், உங்கள் குரல் வந்தது. "மாமி, என்ரை மெசின் பழுது, அருளப்புவின்ரையிலைதான் பேசுறன். நீங்கள் அனுப்பின செபமாலையைப் போட்டுட்டு நாங்கள் அறையிலை உள்ள எல்லாரும் முழங்காலிலை நிண்டம். முதல்லை ஊ எண்டு ஒரு சத்தம். 'பொறுங்கோடா, சுவாமி தொண்டை செருமுறார்' எண்டான் அருளப்பு. பிறகு உறுமுது. முழங்கால் நோக நோக நிண்டு பாத்தம், ஒரு அருள் நிறைந்த மரியேயும் வரேல்லை. அதுதான் பழுது எண்டு இதுக்கு மேலையே பேசுறன்" என்றீர்கள். அந்த இடத்தில் நான் எழும்பிப் போகத்தான் நினைத்தேன்.

போகவில்லை. அருளப்பு அண்ணையின் மெசின் பழையதை ஒழுங்காக அழிக்கவில்லை, அத்தான். உங்கள் குரலுக்குக் கீழே என்னுடையது முழுக்கக் கிடக்கிறது, மெல்லிதாக, அசைந்துகொண்டு. நீங்கள் கதை முட்டி நிற்கிற இடங்களில் அது மேலே எழும்பி வருகிறது. "சின்னவள் இப்ப வளர்ந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தீர்களே, அதற்குள் நான் கடைசிவரை திருத்த முடியாமல் விட்ட அந்தத் துண்டு வந்து நின்றது. பேச வந்து நிற்கிற ஒரு ஆள்தான் அதில் குறை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. "பின்னாலை என்ன கேக்குது?" என்று அக்கா கேட்டார். "அது அங்கத்தைக் கடல்" என்றார் அம்மா. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குசினி அடுப்படியில் வைத்து, "உன்ரை ரின் எல்லோ?" என்றார். ஓம் என்றேன். "திருப்பிப் போடு" என்றார்.

ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். உங்களுக்குச் சம்மதமென்றால் இதைத்தான் கடைக்காரரிடம் கொடுப்பேன், இந்த நத்தார் தவறினாலும் பரவாயில்லை. அக்காவுக்கென்று நீங்கள் சொன்ன இரண்டு வசனத்தையும் வெட்டிவிடுவேன், அம்மா அந்த இடத்தில் தானாகவே எழும்பிப் போய்விட்டார். இரண்டாம் பக்கம் இன்னும் என்னுடையதாக மட்டுமே இருக்கிறது. முதற்பக்கத்துக்கு ஒரு கொப்பி எடுத்துவைத்துக்கொண்டு, கசெற்றை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பல்லுகளை உடைக்கவேண்டாம். இரண்டாம் பக்கத்தை அருளப்பு அண்ணையின் மெசினிலேயே போடுங்கள், அவர் மெசினைத் துடைக்கப் பார்த்தால் விடாதீர்கள், துடைத்தால் அது பழையதை முழுக்க அழித்துவிடும். சிவப்புப் பொத்தானை அமத்திப் பேசுங்கள். சொல்ல ஒன்றும் வராவிட்டால் சும்மா இருங்கள், நாடாவை மட்டும் நிறுத்த வேண்டாம்.