ரெண்டே கால் டைல் நீளத்தில் ஒரு நாய்

டைல்ஸ்காரர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனைத் தரையில் வைத்து, அதன் முன் மண்டியிட்டுக் குரைத்தார்.

மண்டியிடுவது அவருக்குப் புதிதல்ல. முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரையிலெல்லாம் மண்டியிட்டு டைல் ஒட்டியவர். குரைப்பதுதான் புதிது.

“லொள்.”

“என்னங்க, நம்ம சாந்துவா குரைக்குது?” ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்.

“பின்னே, நானா குரைக்கிறேன்?”

“ஒரு தடவைதான் குரைச்சுது. அது எப்பவும் ரெண்டு தடவை குரைக்குமே.”

அவர் இன்னொரு தடவை குரைத்தார்.

“சளி பிடிச்சிருக்கா? தொண்டை கட்டுன மாதிரி இருக்கே.”

“உன்னைப் பாக்காத ஏக்கம்.”

“பாவம். கொஞ்சம் வெந்நீர் வச்சுக் குடுங்க.”

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. முட்டி மட்டும் காரணமல்ல. சாந்து செத்து அன்றோடு ஆறு நாள் ஆகியிருந்தது.

ஈரச் சிமெண்டு நிறம், மடிந்து தொங்கும் இடது காது. குட்டியாக இருந்தபோது வேலை நடந்த இடத்தில் சாந்துச் சட்டிக்குள் விழுந்து கிடந்ததை அவர் தூக்கி வந்தார். பேர் வைத்தது மனைவி. பிள்ளை இல்லாத வீடு. பிறகு அந்தக் குறையைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ள அது நேரம் தரவில்லை.

அதைப் பின்சுவர் ஓரம் அவரே குழி தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் வராந்தாவிலேயே நிறுத்தினார். “இனி மருந்துல ஒண்ணும் இல்லைங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க.”

உள்ளே போனார். அவள் தினமும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். “சாந்து சாப்டுச்சா?”

“சாப்டுச்சு. தட்டையும் சேத்து நக்கிடுச்சு.”

அவள் முகம் மலர்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் ரெண்டு தட்டு சாப்பிட்டது என்றார். அதற்கு மறுநாள் மூன்று. உயிரோடு இருந்த சாந்துவைவிடச் செத்த சாந்து அதிகம் சாப்பிட்டது. “அப்படின்னா தெம்பா இருக்கு. ஒரு தடவை குரைக்கச் சொல்லுங்க, கேக்கணும்” என்றாள். குரைத்தாயிற்று. இப்போது, “வெள்ளிக்கிழமை நான் வரும்போது அது வாசல்ல நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்கிறாள்.

சர்க்கரை வியாதி அவள் கண்ணைப் பாதி தின்றிருந்தது. நிழலாகத்தான் ஆள் தெரியும். ஆனால் கை இருக்கிறதே. அந்தக் கைக்குச் சாந்துவின் முதுகெலும்பு ஒவ்வொன்றும் மனப்பாடம்.

குளியலறையை விட்டு வெளியே வந்தால், மாடி வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

“அண்ணே, நாய் செத்துப்போச்சுன்னீங்க. இப்ப குரைச்சுதே?”

“நான்தாம்ப்பா.”

மாடி வீட்டுக்காரர் ஒரு படி பின்னால் போனார். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு படி கிட்டே வந்தார். “இப்படியே குரைச்சுக்கிட்டு இருந்தா உங்களையும் ஆஸ்பத்திரியில சேத்துருவாங்க. நாய்க் காப்பகத்துக்குப் போங்க. வீட்டைப் பத்திக் கேட்டு, அதுக்கு ஒத்துப்போற இனமாப் பாத்துக் குடுக்குறாங்களாம்.”

காப்பகத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். டைல்ஸ்காரர் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதுக்கு மேல், டைல் பெட்டிகளைப் பார்த்துத்தான். ஒரு மணி நேரம் எழுதினார்.

“வீட்டின் பரப்பளவுன்னு கேட்டா, நானூத்தி எம்பது டைல்னு எழுதியிருக்கீங்க?”

“ஓரத்துல வெட்டி ஒட்டுனது தனிங்க.”

“வீட்டில் எத்தனை பேர், ரெண்டு. சரி. ‘வீட்டில் இருப்பவர் பற்றிக் குறிப்பு’ங்கிற இடத்துல…” படிவக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “‘உடையும் பொருள், கவனம்’. இது என்னங்க?”

“வீட்டுக்காரிங்க.”

அந்த அம்மா அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு படிவத்தை ஒரு அட்டவணையோடு ஒத்துப் பார்த்தார். “நோயாளி இருக்கிற வீடு. சின்ன இடம். உங்களுக்குப் பொமரேனியன்தான் சரி.”

“சாம்பல் நிறத்துல, ஒரு காது மடிஞ்சு…”

“நிறம் பாத்து நாய் எடுக்கக் கூடாது ஐயா. வாழ்க்கை முறை பாத்து எடுக்கணும்.”

திங்கள்கிழமை வெள்ளை வெளேரென்று ஒரு பஞ்சுப் பொதி வீட்டுக்கு வந்தது. தடவிப் பார்த்தார். கை மயிருக்குள் போய்க்கொண்டே இருந்தது, நாய் வரவில்லை. மயிரை வெட்டிவிட்டால் ஆகும் என்று கத்திரியை எடுத்தார். பாதி வெட்டியதும் ஒரு பக்கம் எலி, மறுபக்கம் மேகம் என்று நின்று அது அவரைப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொண்டுபோனார். படிவக்கார அம்மா நாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கத்திரி வீட்டில் இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வியைப் பேனாவால் சேர்த்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் பெருசா வேணுங்க. மயிரு கம்மியா.”

லேப்ரடார் வந்தது. உருவம் பரவாயில்லை. ஆனால் அதற்குக் குரைக்கவே தெரியவில்லை. குரைக்கக் கற்றுக்கொடுக்க அவர் அதன் முன் மண்டியிட்டு இரண்டு இரண்டாகக் குரைத்துக் காட்டினார். அது சந்தோஷமாக அவர் முகத்தை நக்கிவிட்டு, அவர் முட்டிக்குக் கட்டுகிற பஞ்சுப் பட்டையைத் தின்றது. அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது; அதிலும் இரண்டு தடவை குரைத்தார். “என்னங்க, இன்னைக்குக் குரல் நல்லாத் தெளிஞ்சிருக்கே!” என்றாள் மனைவி. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

புதன்கிழமை படிவக்கார அம்மா பொறுமையை இழந்தார். “ஐயா, சரியா என்னதான் வேணும்? அளவாவது சொல்லுங்க.”

அளவு என்றதும் அவருக்கு உயிர் வந்தது. சாந்து தினமும் கட்டிலோரம் படுக்கிற இடம் அவருக்குத் தெரியும். ஓரடி டைலில் மூக்கு முதல் வால் தொடக்கம் வரை ரெண்டே கால். “ரெண்டே கால் டைல் நீளம். துல்லியமாச் சொல்றேன்.”

“சரி. நீங்க வீட்டுக்குப் போங்க. வண்டியில அனுப்பி வைக்கிறேன்.”

சாயங்காலம் வண்டியில் வந்த நாயை அவர் டைல் மேல் படுக்கவைத்து அளந்தார். ரெண்டே கால். மயிரிழை பிசகவில்லை. பிறகு அது எழுந்தது. எழுந்தும் படுத்திருந்த மாதிரியே இருந்தது. கால் என்று நாலு குமிழ்கள் இருந்தன. தரை ஒட்டுகிறவர்கள் நீளம் பார்ப்பார்கள், அகலம் பார்ப்பார்கள். உயரத்தைப் பற்றி அவர்கள் யாரும் கவலைப்படுவதில்லை.

வியாழக்கிழமை அந்தக் குட்டைக் கால் நாயோடு காப்பகத்துக்குப் போனார். படிவக்கார அம்மா விடுப்பு. காத்திருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். நாய் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. நாளைக்கு அவள் வந்துவிடுவாள், கையை நீட்டுவாள் என்று நினைத்தபோது டைல்ஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

கூண்டு கழுவுகிற பெண் குழாயை நிறுத்திவிட்டு வந்தாள். “என்ன ஐயா, நாய் கடிச்சிருச்சா?”

“கடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே.” அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

“எந்தக் காது மடிஞ்சிருக்கணும்?”

“இடது.”

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே தெருவில் பிடித்தவை தனியாக இருந்தன. படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. கடைசிக் கூண்டில் ஈரச் சிமெண்டு நிறத்தில் ஒன்று எழுந்து நின்று, இரண்டு தடவை குரைத்தது. இடது காது மடிந்திருந்தது.

“இது என்ன இனம்மா?”

“இனம்னு சொல்ல ஒண்ணும் இல்லை. நம்ம இனந்தான்” என்று அவள் கூண்டைத் திறந்தாள்.

இனி ஒரே ஒரு பயம்தான் பாக்கி. புது நாய்க்கு அவளைத் தெரியாது. குரைக்குமே? அதற்கும் அவருக்கு ஒரு வழி ஞாபகம் வந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் வேலைக்குப் போன இடத்தில் மாடிப்படியிலிருந்து விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டு, இரண்டு மாசம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு வந்தபோது சாந்து அவரைப் பார்த்து உறுமியது. அவர் அழுதேவிட்டார். மனைவிதான் தேற்றினாள். “மருந்து வாசம்ங்க. அதான் ஆளு அடையாளம் தெரியலை. ரெண்டு நாள்ல சரியாயிடும்.” சரியாகத்தான் ஆனது. எப்போதும் வலது காலை நீட்டிக் கைகொடுக்கிற நாய், அதற்கப்புறம் இடது காலை நீட்டியதற்குக்கூட அவளே காரணம் சொன்னாள். “உங்க வலது கால் உடைஞ்சதைப் பாத்துச்சுல்ல, அதுக்கும் வலது கால் வலிக்குது. புத்தி ஜாஸ்தி.”

வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டுதான் வாசல் ஏறினார். ஒரு பெட்டி டைலைவிடக் கனம் குறைவாக இருந்தாள். புது நாய் பல்லைக் காட்டிக் குரைத்தது.

“மருந்து வாசம்” என்றார் அவர், அவசரமாக. “அதான் அடையாளம் தெரியலை. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

அவள் அவர் தோளில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தாள்.

“ஆமாமா. மருந்து வாசமேதான்.”

கட்டிலில் கிடத்தியதும் கையைத் தொங்கவிட்டாள். நாய் மோந்து பார்த்து, வலது காலைத் தூக்கி அவள் கையில் வைத்தது.

“இப்ப வலது காலைக் குடுக்குதே?”

“உனக்கு இடது கையிலதானே ஊசி போட்டாங்க. அதைப் பாத்துருக்கும்.”

“ஆமா, புத்தி ஜாஸ்தி” என்றாள் அவள். நாயின் தலையைத் தடவுவாள் என்று அவர் தன் தலையை நகர்த்தி வழிவிட்டார். அவள் கை அவர் தலையைத் தேடி வந்து, அங்கேயே வெகுநேரம் இருந்தது.

பத்தொன்பது நாள் இருந்தாள். பத்தொன்பது நாளும் ‘சாந்து சாப்டுச்சா’ என்று கேட்டாள். பொய் சொல்லத் தேவையே இல்லாமல் அவர் பதில் சொன்னார். ஏமாற்றிவிட்டோமே என்ற உறுத்தல் மட்டும், அவள் போன பிறகும் அவருக்குள் கிடந்தது. கட்டிலோரம் ரெண்டே கால் டைலில் படுத்துக் கிடந்த நாயின் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நாய் கொடுத்த ஒரு மாசத்தில் வீட்டைப் பார்வையிட வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. கூண்டு கழுவுகிற பெண்ணைத்தான் அனுப்பியிருந்தார்கள். அவள் வாசல்படியில் உட்கார்ந்து பழைய படிவத்தைப் பிரித்தாள்.

“வீட்டில் எத்தனை பேர்… ரெண்டுன்னு இருக்கு.”

டைல்ஸ்காரர் அவளிடமிருந்து பேனாவை வாங்கினார். ‘ரெண்டு’ என்பதை மெதுவாக அடித்துவிட்டு, ‘ஒண்ணு’ என்று எழுதினார். ‘உடையும் பொருள், கவனம்’ என்பதை அடிக்கப் போய், அடிக்காமல் விட்டுவிட்டார்.

“ஐயோ, எப்ப ஐயா?”

“பதினோரு நாள் ஆச்சு. ஒண்ணுதாம்மா மனசை அறுக்குது. முப்பது வருஷத்துல அவகிட்ட ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அதையும் கடைசியில வந்து சொன்னேன். அவ எங்கிட்ட ஒண்ணைக்கூட மறைச்சவ இல்லை.”

சுவரில் மாட்டியிருந்த படத்தை அவர் காட்டினார். அவள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். கையில் இருந்த படிவம் நழுவியது.

“இந்த அக்காவா! அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க காப்பகத்துக்கு வந்து, ‘நாய் செத்துப்போச்சு, கால் உடைஞ்சு கிடக்குற என் வீட்டுக்காரர் தாங்க மாட்டாரு, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வர்றதுக்குள்ள ஈரச் சிமெண்டு நிறத்துல, இடது காது மடிஞ்சதா ஒண்ணு குடுங்க’ன்னு அழுதாங்களே!”