ஒரே சகனில் உட்கார வக்கீல் அனுமதி

புதுச்சேரி

அன்பு மருமகன் அய்மானுக்கு மாமா கரீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நானும் உங்கள் மாமி ஜஹபர் நிஷாவும் சுகம். பெங்களூரில் உங்களுக்கும் என் மகள் நூரீனுக்கும் அவன் அப்படியே சுகம் தருவானாக. கடைக்குத்தான் சுகமில்லை.

ஒருவர் சேர்த்து வாங்கும் பொருள்களெல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்தவை என்று கணக்கிட்டு, 'இதையும் வாங்குங்கள்' என்று காட்டுகிற முறைக்கு உங்கள் கம்பெனியும் என் மகன் அதீபின் கம்பெனியும் காப்புரிமை கேட்டுக் கட்டிப் புரள்கின்றன. வழக்கு முடியும்வரை நீங்கள் இருவரும் பேசக் கூடாது என்று வக்கீல்கள் சொன்னதாகக் கேள்வி. கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் பெருநாள் இது. மகனும் மருமகனும் ஒரே சகனில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட வேண்டும் என்று மாமி பெரிய தட்டாகத் துலக்கி வைத்திருக்கிறாள். "ஒரு தட்டுல கை வைக்கிறதுக்கும் கோர்ட்டுல கேக்கணுமா?" என்று என்னை உலுக்குகிறாள். வழக்கை நானா போட்டேன்?

இதற்கிடையில், வழக்குக்கு முன் நீங்கள் இருவரும் சேர்ந்து நம் ஜவுளிக்கடைக்கு அமைத்த இணையதளத்தில் ரெட்டியார்பாளையம் ஷரீப் பாய் தன் மகன் நிக்காஹ்வுக்காக வெள்ளைத் துணியும் அத்தரும் தேடியிருக்கிறார், அது 'இவற்றை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்' என்று கபன் துணியையும் கற்பூரத்தையும் காட்டியிருக்கிறது, மையித்துக்கு வாங்குகிறவர்களும் அதே வெள்ளையும் அத்தரும்தானே வாங்குகிறார்கள், மனிதர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "மாப்பிள்ளைக்குத் துணி கேட்டா அடக்கம் பண்ண செட்டு காட்டுது! யாரு பாய் இதுக்குச் சொல்லிக் குடுத்தது?" நான் பழக்கதோஷத்தில், "எம் புள்ளையும் மருமகனும்தான், ரெண்டு பேரும் பெரிய இஞ்சினீருங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

பெருநாளுக்கு முன்னாலேயே சென்னையிலிருந்து வந்துவிட்ட அதீபைக் கேட்டால், "அது எங்க முறையே இல்ல அத்தா, மச்சானோடது" என்கிறான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சத்தியமா அதீப் முறைதான் மாமா." நீதிமன்றத்தில் என்னுது உன்னுது என்று இழுபடும் பிள்ளை, என் கடைக்கு வந்ததும் அநாதையாகிவிட்டது! இதையே நீதிபதியிடம் சொன்னால் வழக்கு அன்றே முடியாதா?

ஆகவே ஒரு ஏற்பாடு. அதீப் பெருநாளன்று சாப்பிட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பட்டும். நீங்களும் நூரீனும் மறுநாள் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் வந்து இறங்குங்கள். மாமி அழுவாள், எனக்கும் மனசு கேட்காதுதான், ஆனால் உங்கள் இருவர் வேலைக்கும் பங்கம் வரக் கூடாது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், வக்கீல்களுக்குக் கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

துஆவுடன்,
மாமா கரீம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உள்ளறையில் அதீப் சிரித்துச் சிரித்துப் புரையேறினான். யாரிடம் என்றேன். "மச்சான்கிட்டதான்" என்று ஃபோனைக் காட்டுகிறான்! தினமும் பேசுகிறீர்களாமே! ஏற்பாடெல்லாம் ரத்து, பெருநாளன்றே வந்து சேருங்கள். வக்கீல் வழக்கைப் பற்றிப் பேசத்தான் தடை போட்டாராம், மாமாவைப் பற்றிப் பேசத் தடையில்லையாம்.