ஆமை விடும் விழா

காப்பாற்றுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது தேறுவார். மரமோ, சிட்டுக்குருவியோ, தெருநாயோ, ஏதாவது ஒன்று அவர் கையில் அகப்பட்டுக் காப்பாற்றப்பட்டே தீரும். சட்டைப்பையில் விசிட்டிங் கார்டு, காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கர், எதிரில் யார் வந்தாலும் நீட்டிக் காட்டக் கைப்பேசியில் போட்டோ என்று தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடும். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். மனிதர் நொந்துபோவார்.

திண்டிவனத்துப் பாண்டுரங்கனையே எடுத்துக்கொள்ளுங்களேன். அவர் காப்பாற்றுவது ஆமை. மரக்காணம் பக்கம் கடல் ஆமைக்கு ஏற்கெனவே ஆள் இருப்பதால், போட்டியில்லாத ஏரி ஆமையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் சித்தேரி மதகில் வரிசையாக வெயில் காய்ந்த ஜாதி அது, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. வனத்துறைக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி, ஏரியை ஒட்டியிருக்கும் தன் கல்யாண மண்டபத்தின் பின்புறம் சிமென்ட் தொட்டி கட்டி, மணல் மேடு போட்டு, ஒரு ஜோடியை முட்டையிட வைத்து, குஞ்சும் எடுத்துவிட்டார். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. முட்டைக்கு மணல் சூடு போதுமா என்று மணிக்கொரு தரம் புறங்கையை வைத்துப் பார்த்த மனுஷன், பெற்ற மகள் ஜுரத்தில் கிடந்தபோதுகூட இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி ராஜாமணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஒரே ஒரு சங்கடம். மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் பந்தி நடக்கிறது அல்லவா, அந்த அண்டா கழுவின தண்ணீர், வடை சுட்ட எண்ணெய், கக்கூஸ் தண்ணீர் அத்தனையும் தடித்த குழாய் ஒன்றில் இறங்கிக் கரைக்கு அடியில் புகுந்து சித்தேரியில்தான் விழுகிறது. யாராவது அதைச் சொன்னால் பாண்டுரங்கன் கோபப்படமாட்டார். இந்த இனத்துக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும்.

"டவுன் சாக்கடையே அதுலதான் வுழுது. என் பைப்பை அடைச்சுட்டா மட்டும் ஏரி எளநீரா மாறிடுமா?" என்பார்.

கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் வீட்டுக் குழாயும் அங்கேதான் போகிறது.

வருஷம் தவறாமல் ஆமை விடும் விழா உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஏரியின் ஓரத்தில் மண்ணை அணைத்து ஒரு பாத்தி கட்டுவார்கள். டேங்கர் லாரிக்காரன் தேவா போர் தண்ணீர் கொண்டுவந்து அதை நிரப்புவான். ஆமைக்குச் சால்வை நிற்காது என்பதால் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்துவார்கள். விருந்தினர் ஆமையைப் பாத்தியில் விடுவார், கைதட்டல், போட்டோ, மறுநாள் பேப்பரில் 'தாய்மடி திரும்பிய ஆமைகள்'. கூட்டம் பிரியாணிப் பொட்டலத்தின் பக்கம் நகர்ந்ததும் பாண்டுரங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்குவார். ஆமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலம்பி, டப்பில் போட்டுக்கொண்டு பழைய தொட்டியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார். அடுத்த வருஷமும் அதே ஆமைகள்தான். ஆமையின் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

ஏமாற்று என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். முதல் வருஷம் அவர் நிஜமாகவே ஒன்றை ஏரிக்குள் விட்டார். மறுநாள் அது கரையோரம் மல்லாந்து மிதந்தது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் பிறந்ததுதான் இந்தப் பாத்தி யோசனை. ஆமையும் பிழைத்தது, விழாவும் பிழைத்தது.

இந்த வருஷ விருந்தினர் விழுப்புரத்துக்குப் புதிதாக வந்த வனத்துறை அதிகாரி. சின்ன வயசுப் பெண். சால்வையை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு நேரே பாத்திக்கு வந்து நின்றார்.

"இது எதுக்குங்க, தனியா?"

"கொஞ்ச நேரம் பழகறதுக்கு மேடம். புது எடம் பாருங்க."

"பழகிடுச்சே, நல்லா நீந்துது. வரப்பை வெட்டி விடச் சொல்லுங்க. ஏரிக்குள்ள போறதைப் பாத்துட்டே போறேன்."

தேவா மம்முட்டியை ஓங்கிவிட்டான். வரப்புக்கு இந்தப் பக்கம் முதல் ஈட்டில் பிறந்த பெரிய ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு தயாராக நிற்கிறது. அந்தப் பக்கம் கறுப்பாகத் தண்ணீர், மேலே ஒரு முழத்துக்கு நுரை. கையில் மைக் இருப்பதே பாண்டுரங்கனுக்கு மறந்துபோய்விட்டது.

"டேய் தேவா, வெட்டாதடா. வேணாம் மேடம், அந்தத் தண்ணில உட்டா செத்துடும். என் கண்ணால பாத்திருக்கேன். உட்டுடாதீங்க."

ஒலிபெருக்கி அதை எதிர்க்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. எத்தனையோ மேடை ஏறியவர், மனசிலிருந்து பேசியது இந்த ஒரு தடவைதான்.

நாற்காலி நிரப்பக் கூட்டிவரப்பட்ட மகளிர் குழுவின் தலைவி அம்சவள்ளி எழுந்தார். ஏரிக்கு எதிர்க்கரைத் தெருக்காரர்.

"தலைவரே, அந்தத் தண்ணியைத்தான் எங்க மாடு குடிக்குது. மல்லாட்டைக் கொல்லைக்கு அதுதான் பாயுது. எங்க புள்ளைங்க அதுல குளிச்சுட்டு ஒடம்பெல்லாம் சொறிஞ்சுக்கினு கெடக்குதுங்க. செத்துடும்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்ன்றீங்க. ஆமைக்குப் பாத்தி கட்டுனீங்களே, எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிரியாணி அண்டாவைத் திறந்தவன்கூட மூடிவிட்டான். அதிகாரி கரையோடு பார்த்துக்கொண்டே போய், தடித்த குழாயில் கண்ணை நிறுத்தினார்.

"அந்தக் குழாய் யாருது?"

ஊரே குனிந்து தன் செருப்பைப் பார்த்தது. என்னுது என்று நாலு எழுத்துதான். பாண்டுரங்கனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்குப் பார்த்து மண்டபத்தில் ரிசப்ஷன், இரண்டு மாசத்துக்கு முன்பே பிடித்தது. அந்த நாலு எழுத்தை அப்படியே விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அதை விரிவா ஆய்வு பண்ணணும் மேடம். ஏரி மீட்புக் கமிட்டின்னு ஒண்ணு போட்டுடுவோம். பொறுப்பை நானே ஏத்துக்கறேன்."

என்ன கைதட்டல். குழாய் வைத்திருந்த அத்தனை பேரும் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். அம்சவள்ளி பொட்டலம் வாங்காமல் குழுவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆமைகள் தொட்டிக்கே திரும்பின. சாயங்காலம் பாண்டுரங்கன் அதன் விளிம்பில் உட்கார்ந்து பெரியதற்குக் கீரை கிள்ளிப் போட்டார். இதன் ஆயுசுக்கும் இந்தச் சிமென்ட்தான் என்று நினைத்து, இன்னொரு பிடி கீரையும் கிள்ளிப் போட்டார். அந்த நேரம் பார்த்து முதல் பந்தி முடிந்து, குழாய்க்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. காதில் விழாத மாதிரி எழுந்து, ரிசப்ஷனில் மொய் எழுதப் போனார்.

நல்ல ஆள்தான் என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் பாருங்கள், கேன் தண்ணீர் வந்திருக்கும். ஊர்த் தண்ணீர் ஆகாது, குடித்தால் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடும் என்று தெரிந்துதானே கேன் வாங்குகிறீர்கள்? எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா? சரி விடுங்கள், போய் இறக்கி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தாகமாக இருக்கும்.