எல்லாம் தாத்தாவால் வந்தது

நம் ஊர்ப் பக்கம் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது. நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் பரம்பரைக் காயக்காரர். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஊர் கேட்கக் கத்திவிட்டு, கத்தியது நானல்ல, எனக்குள் இருக்கும் என் தாத்தா என்பார். முகூர்த்தம் முடிந்தபிறகு கல்யாணத்துக்கு வந்து நின்றுகொண்டு, எங்கள் குடும்பத்துக்கும் கடிகாரத்துக்கும் நாலு தலைமுறைப் பகை என்பார். சொந்தமாகச் செய்த தப்பு என்று அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பூர்வீகச் சொத்து. முன்னோர்கள் வயலை விற்றிருப்பார்கள், வீட்டைப் பாகம் பிரித்திருப்பார்கள், இந்த ஒன்றை மட்டும் எந்த வில்லங்கமும் இல்லாமல் அவர் பேருக்கே எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

தென்காசியில் இந்த இனத்தின் முதல் ஆள் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. வயது ஐம்பத்துமூன்று. பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை என்னுடையது, ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும். அவருக்கு முதல் சார்ட் தாளையும் பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனாக்களையும் விற்றவன் நான்தான். ஆகவே இந்தக் கதையில் என் பங்கை மறைக்க முடியாது.

போன ஆனி மாதம் ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியில் மூன்று நாள் முகாம் நடந்தது. மூதாதையர் காயம் ஆற்றுதல் என்று பெயர். பெங்களூரிலிருந்து வந்த கௌரிசங்கர் என்பவர் நடத்தினார். அப்பாவின் கோபம் குறையட்டும் என்று சென்னையிலிருக்கும் மகன் மணிகண்டபிரபுதான் அண்ணாச்சியின் பெயரைக் கொடுத்திருந்தான். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், உறவு நன்றாக இருந்தால் நேர்கோடு, கெட்டுப்போனால் வளைந்து நெளிந்த கோடு என்று நாலு தலைமுறையை வரைந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். குடும்பத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை நிறுத்தவும் முடியும் என்பது பாடம். கெட்ட பாடம் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் மத்தியானம் 'இதில் என் பங்கு என்ன' என்று கடைசியாக ஒரு வகுப்பு இருந்தது. வெள்ளம் வடிந்து, அருவியில் குளிக்க அனுமதி கொடுத்ததும் அன்றைக்குத்தான். அண்ணாச்சி துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு வகுப்பைத் தவிர மற்ற எல்லாம் தலைகீழ்ப் பாடமாக ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை காப்பியில் சீனி குறைவென்று டம்ளரைத் தரையில் வீசினார். வீசிவிட்டு மனைவி ஜோதிலட்சுமியிடம் மிக மென்மையான குரலில், இது நான் இல்லை ஜோதி, என் தாத்தா என்று விளக்கம் சொன்னார். அவர் தரையைத் துடைத்துக்கொண்டே, அப்படியென்றால் இனிமேல் உங்கள் தாத்தாவையே காப்பி போட்டுத் தரச் சொல்லுங்கள் என்றாராம்.

இப்படிப்பட்டவர்கள் தங்களோடு நிறுத்திக்கொள்வார்களா? எதிர்க்கடை ஒலி முகம்மது ரெடிமேட் துணி வியாபாரி. அவருடைய அப்பா இருபது வருடம் துபாயில் இருந்தவர். ஒலி முகம்மது தினமும் ஷட்டரைப் பாதிவரைக்கும்தான் தூக்குகிறார் என்பதைக் கவனித்த அண்ணாச்சி, சாலையைத் தாண்டிப் போய் அவர் தோளில் கை வைத்து, வாப்பா எந்நேரமும் ஊரைவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் பாதி திறந்தும் பாதி மூடியும் வாழப் பழகிவிட்டீர்கள் என்றார். ஒலி முகம்மது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணாச்சி, தகரம் வளைஞ்சு கெடக்கு. அதுக்கு மேல ஏறாது" என்றார்.

என்னையும் விடவில்லை. முன்னோர் செய்ததையே அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்கிற குடும்பம் என்பதால்தான் எனக்கு ஜெராக்ஸ் கடை அமைந்ததாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரே தங்கை, முத்துலட்சுமி. ஆலங்குளத்தில் வாக்கப்பட்டவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் அங்கே புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார்கள். அழைப்பிதழில் அண்ணாச்சியின் பெயரில் ஒரு 'ண' விடுபட்டு, சிவனைந்தபெருமாள் என்று அச்சாகிவிட்டது. அச்சகத்தில் நேர்ந்த பிழை. தங்கையின் மாப்பிள்ளை வேண்டுமென்றே தன்னை ஐந்தாக்கிவிட்டார் என்று அண்ணாச்சி சொன்னார். இலையில் உட்காராமலே திரும்பிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு எழுத்துக்குப் பதினோரு வருடம்.

அந்த முத்துலட்சுமியிடமிருந்து ஆடி முதல் வாரம் அண்ணாச்சிக்குப் போன் வந்தது. மகள் நித்யாவுக்கு ஆவணியில் கல்யாணம், தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடத்த மனசில்லை, வந்துவிடு அண்ணே என்று கேட்டார். எந்த மனிதனும் உருகிப்போகும் இடம் இது. நம் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? வருகிறேன், ஆனால் வேரைக் குணப்படுத்தாமல் கிளைக்குத் தண்ணீர் ஊற்றிப் பிரயோஜனமில்லை, எனக்கு ஆறு வாரம் வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு இருந்தது ஐந்து வாரம்.

அவர் சித்தாந்தம் இதுதான். அண்ணன் தங்கைப் பகை அவர்கள் குடும்பச் சாபம். தாத்தா, தன் தங்கையைக் கட்டிக்கொடுத்த திருவேங்கடம் ஊர்ப் பக்கம் ஒருநாள்கூடப் போனதில்லை. அப்பாவும் அத்தையும் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். இப்போது அவரும் முத்துலட்சுமியும். போதாக்குறைக்கு மகன் மணிகண்டபிரபுவும் மதுரையில் இருக்கும் மகள் கோமதியும், வாட்ஸ்அப்பில் யாரோ யாரையோ நீக்கியதால், நாலு மாதமாகப் பேசுவதில்லை. நாலு தலைமுறைக்கும் வளைந்து நெளிந்த கோடு போட்டு, சிவப்புப் பேனா தீர்ந்துபோய் இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார்.

சாபம் தொடங்கிய இடத்தைப் பார்க்கவேண்டும் என்று என் காரில் திருவேங்கடத்துக்குக் கிளம்பினார். ஜோதிலட்சுமி மதினி வாசல்வரை வந்தார்.

"ஆலங்குளத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போவுது. செத்துப்போனவங்களத் தேடி அவ்வளவு தூரம் போறீய. உயிரோட இருக்கவ வீட்டுக்கு வழி தெரியலயா?"

அண்ணாச்சி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். முகாமில் சொல்லிக்கொடுத்தது.

சங்கரன்கோவில் தாண்டுவதற்குள் இரண்டு தடவை காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, வயிற்றில் இருந்ததையெல்லாம் ஓரத்தில் கொட்டிவிட்டு ஏறினார். முன்னோர்களின் வேதனை உடலைவிட்டு வெளியேறுகிறது என்றார். நான் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

திருவேங்கடத்தில் நாங்கள் தேடிப்போனது பாலம்மாளை. தாத்தாவின் தங்கை மகள், அண்ணாச்சிக்குச் சித்தி முறை. முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியட்டும் என்று எங்களை உட்காரவைத்து, ஜெயித்தபிறகு, என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணாச்சி சார்ட்டை மேசைமேல் விரித்தார். தாத்தா ஏன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை, எந்தக் காயம் அவரைத் தடுத்தது, எதையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று கைகூப்பினார்.

பாலம்மாள் சார்ட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். என் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"இந்தக் கோடு தப்பு" என்று தாத்தாவின் கோட்டை அடித்தார். "மாமாவுக்குப் பஸ்ஸுல ஏறினா வாந்தி வரும். கார்லயும் வரும். அதான் இங்க வரமாட்டாரு. வேற ஒண்ணும் கெடயாது."

நான் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

அவர் வராவிட்டால் என்ன, வருடா வருடம் சாரல் விழுந்ததும் தன் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் போய் ஒரு மாதம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருவாள் என்றார் பாலம்மாள். உள்ளே போய் ஒரு கட்டுத் தபால் அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் தாத்தா தன் தங்கைக்கு எழுதியவை. அண்ணாச்சி ஒன்றை எடுத்துப் படித்தார். சாரல் தொடங்கிவிட்டது, புறப்பட்டு வா, உனக்காக நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறது என்று இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அப்படித்தான்.

அப்பாவுக்கும் அத்தைக்கும் போட்டிருந்த கோட்டையும் பாலம்மாள் அடித்தார். சண்டை போடுவார்கள், உண்மைதான், ஆனால் உன் அப்பனுக்கு மூன்று நாளுக்கு மேல் கோபம் தங்காது, நாலாம் நாள் அவன் சைக்கிள் தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கும் என்றார்.

"அப்ப இது எங்கேருந்துதான் வந்துச்சு சித்தி?" என்று கேட்டார் அண்ணாச்சி. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பாலம்மாள் பேனாவை அவருடைய கட்டத்தின்மேல் வைத்தார்.

"மேலேருந்து ஒண்ணும் வரல. இங்கேருந்துதான் கீழ போவுது" என்று மணிகண்டபிரபுவுக்கும் கோமதிக்கும் ஒரு கோடு இழுத்தார். "நாளைக்கு உன் பேரன் ஒருத்தன் இதே மாதிரி தாள விரிச்சு உக்காந்தான்னா, எல்லாம் இவருகிட்டதான் ஆரம்பிச்சுதுன்னு உன் பேரச் சுத்தித்தான் வட்டம் போடுவான்."

திரும்பும்போது அண்ணாச்சி சங்கரன்கோவில் பக்கம் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிச் சும்மா நின்றார். வாந்தி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை மதினியையும் கூட்டிக்கொண்டு ஆலங்குளம் போனார். அங்கே நடந்ததை மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் வருவது முத்துலட்சுமிக்கு முன்னமே தெரிந்திருந்தது. இந்தப் பதினோரு வருடமும் மதினியும் நாத்தனாரும் வாரம் தவறாமல் போனில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். குடும்பங்களில் பகையை ஆண்கள் எவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றுகிறார்கள், பெண்கள் எவ்வளவு சாதாரணமாக அதை மீறிவிடுகிறார்கள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி பஸ்ஸிலேயே ஒரு உரை தயார் செய்துகொண்டு போயிருந்தார். தலைமுறைகள் என்று தொடங்கினார். முத்துலட்சுமி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் பேசியது சத்தமாகக்கூட இல்லையாம்.

"நாலு வருஷத்துக்கு முந்தி எனக்கு மார்புல கட்டி வந்துச்சு. உங்க குடும்பத்துல யாருக்கும் இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. அத்தை எதுல செத்தான்னு என் காதுல யாரும் போடல. ஆஸ்பத்திரிக்கு அவளத் தூக்கிட்டு அலஞ்சது நீதான். மதினிய விட்டுக் கேக்கச் சொன்னேன். அந்தக் குடும்பப் பேச்சு இப்ப எதுக்குன்னு நீ எரிஞ்சு விழுந்தியாம்."

அண்ணாச்சிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. எதற்குக் கேட்கிறாய் என்று அன்றைக்கு மனைவியிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டி விஷயத்தைச் சொல்லமாட்டேன் என்று தங்கையிடம் சத்தியம் செய்திருந்ததால் மதினியும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. கட்டி சாதாரணக் கட்டிதான், எடுத்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முடிவு வருகிறவரைக்கும் பதினெட்டு நாள் அந்தப் பெண் தூங்கவில்லை. அண்ணாச்சி மடியில் சுருட்டி வைத்திருந்த சார்ட்டில் அத்தையின் வட்டத்துக்குள், அவரது அழகான கையெழுத்தில், மார்புப் புற்று என்று எழுதியிருந்தது. அதை அவர் விரிக்கவில்லை.

"தப்பு என்னுது, முத்து" என்றார்.

"தாத்தாவுது இல்லயா?"

"இல்ல."

முத்துலட்சுமி, மண்டபத்தில் ஜெனரேட்டர் சரியில்லை என்கிறார்கள், சமையல்காரர் இன்னும் பட்டியல் தரவில்லை, இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடு என்றார். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அண்ணாச்சி வெயிலில் ஜெனரேட்டர் பார்க்கப் போனார். தங்கை மாப்பிள்ளை தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் சீர்த் தட்டைச் சுமந்து வரும்போது அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். மகனையும் மகளையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார். பாயசம் வருவதற்குள் அவர்கள் மறுபடி சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் சண்டை போடவும் பேசித்தானே ஆகவேண்டும்?

அண்ணாச்சி முழுக்கத் திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. தாம்பூலப் பை வாங்குகிற இடத்தில் சம்பந்தியைப் பிடித்துவைத்து, நீங்கள் வேகமாகச் சாப்பிடுவதற்குப் பின்னால் ஒரு பஞ்சகாலம் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். இனம் அவ்வளவு சுலபத்தில் அழியாது. ஆனால் டம்ளர் பறப்பது குறைந்திருக்கிறது. பறந்தாலும் அவரே குனிந்து துடைக்கிறார் என்று மதினி சொல்கிறார்.

இதை எழுதி முடித்ததும் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கு முழுக்க முழுக்க மாமனார் முகம்தான் வந்துகொண்டிருந்தது என்று சொன்னேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்களும் இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள். நடுவில் யார் முகமாவது வந்ததா? அப்பாவா, பெரியப்பாவா, மாமியாரா? வந்திருக்கும். வயதில் மூத்த ஒருவர்தான் வந்திருப்பார். சந்தேகமிருந்தால் இதை உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, உனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று கேட்டுப்பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.