துடிக்கிற தட்டு

"மறுபடியும் துடிக்குது சார்" என்றாள் ஆராய்ச்சி மாணவி, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேராசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் கேட்டது ரத்தம். நீ இதயத்தைக் கொண்டுவந்து நீட்டுற. கொட்டும்மா அதை!"

கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைப் பக்குவமாக வளர்த்து, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லாக மாற்ற வேண்டும். அது வந்தால்தான் விடுமுறை. விடுமுறை கிடைத்தால்தான் வேறு ஊரிலிருக்கும் கணவனைப் பார்க்க முடியும். செல்களோ சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. வளர்ப்புத் தட்டில் மருந்தைக் குறைத்தாள், ஓரமாக ஒரு கூட்டம் இதயத் தசையாகித் துடித்தது. கூட்டினாள், தட்டு முழுக்கத் துடித்தது.

"இன்னிக்காவது ரத்தம் வந்துச்சா?" என்று தினமும் கணவன் பஸ்ஸிலிருந்து போன் செய்வான். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் தேடுவாராம்.

அந்தத் தட்டைக் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. ஆளில்லாத அறைக்குத் திரும்புகிறவளுக்கு, தனக்காக அடித்துக்கொள்ள ஏதோ ஒன்றாவது இருக்கட்டுமே என்றிருந்தது. செல்களை வளர்க்கும் இன்குபேட்டரின் கீழடுக்கில், மற்ற தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஊட்டக் கரைசலை அதற்கும் பங்கு போட்டதில், ரத்தத்துக்காக வளர்த்தவை வாடிப்போயின.

"முதல்லேருந்து ஆரம்பி. இந்த மாசமும் லீவு கிடையாது" என்றார் பேராசிரியர்.

மாதங்கள் ஓடின. கணவனையே வரச் சொன்னால் என்ன என்று தோன்றியது.

"ஞாயித்துக்கிழமை வாங்களேன். ரொம்பத் தேடுது."

"வர்றேன். எங்க போகலாம்?"

"சாயங்காலம் லேபுக்கு. பாவம், அதுக்குப் பசிக்கும்."

"எதுக்கு?"

"தட்டுக்கு."

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழு!" போனை வைத்துவிட்டான்.

அழுதாள். கட்டிக்கொள்ளத்தான் யாருமில்லை.

ஞாயிறன்று அறையில் இருப்புக் கொள்ளாமல் காலையிலேயே லேபுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் செக்யூரிட்டி தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சார் உள்ள இருக்காரு."

அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்குபேட்டரைத் திறந்துட்டாரா? கீழடுக்குல பாத்துட்டாரா?"

"அதைப் பாக்கத்தானேம்மா வர்றாரு! வீட்டம்மா தவறினதுலேருந்து ஞாயித்துக்கிழமையானா அந்தத் துடிப்பைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருப்பாரு. 'அந்தப் பொண்ணுக்கு லீவு குடுத்துட்டா இதை யாருய்யா பாத்துக்குவா, எனக்குத்தான் கைராசி கிடையாதே'ன்னு என்கிட்ட வேற கேக்குறாரு."